திரும்பப் பெற்ற வழக்கு

தியானப் பகுதி: ஆதியாகமம் 26:17-33



இந்த வாரம் என் சொந்தக் குடும்பத்தின் வழக்கொன்றைப் பற்றி உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பிரசங்க பீடத்தில் நின்று இதைச் சொல்லும் துணிவு எனக்கு இதுவரை வந்ததில்லை. நீதிமன்றத்தில் அந்த வழக்கு 2017ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. என் உள்ளத்தில் அது முடிவதற்கு மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின.

அன்னூர் வட்டாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் மேட்டாங்காடு உண்டு. என் தாத்தா தம் இரண்டு மகன்களுக்கும் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார். கிணற்றைப் பிரிக்க அவரால் இயலவில்லை. ஆகவே, கிணறு இருவருக்கும் பொது என்றும், நான்கு நாள் மூத்தவருக்கும் நான்கு நாள் இளையவருக்கும் நீர் இறைக்கும் முறை என்றும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதிவைத்தார். கிணறு அமைந்திருந்தது பெரியப்பாவின் பங்கில். அதற்குச் செல்லும் வண்டித்தடமும் அவருடைய காட்டின் ஊடாகவே போனது. கிணற்றில் நீர் நிறைந்திருந்த காலத்தில் அந்தப் பத்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை. நீர் இறங்கத் தொடங்கியபோது அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பொருள் முளைத்தது.

எங்கள் முறை நாளொன்றில் தடத்தின் குறுக்கே முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். 1996ஆம் ஆண்டு என் தந்தை உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கிணற்றில் சரிபாதி உரிமை உண்டு என்று விளம்ப வேண்டும். எங்கள் முறை நாளில் எவரும் தடுக்கக் கூடாதென நிரந்தர உறுத்துக் கட்டளை பிறப்பிக்க வேண்டும் என்பவை அவர் கோரிய பரிகாரங்கள். நியாயம் எங்கள் பக்கம் இருந்தது என்றே நான் இன்றும் நம்புகிறேன். இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் அது நேர்மையாகாது.

அதன்பின் நடந்தவை நம் நாட்டில் நிலத்தகராறு கண்ட எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்தவையே. ஆணையர் ஒருவர் வந்து கிணற்றையும் தடத்தையும் அளந்து அறிக்கை கொடுத்தார். தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. மேல்முறையீட்டில் அது நீக்கப்பட்டு, வழக்கு மறுவிசாரணைக்காக முதல் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்தது. 2009ஆம் ஆண்டு தந்தை ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். வாரிசுகள் என்ற முறையில் என் தாயாரும் நானும் என் தங்கையும் வாதிகளாகச் சேர்க்கப்பட்டோம். அதற்கு முன்பே பெரியப்பாவும் மறைந்துவிட்டதால், பிரதிவாதியின் இடத்தில் அவருடைய மகன், என் அண்ணன், நின்றார். சண்டை தொடங்கிய இருவரும் மண்ணுக்குள் சென்ற பிறகும் அவர்களுடைய பெயரிலான கட்டு மட்டும் தடித்துக்கொண்டே போனது.

அந்நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தேன். சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதே ஒரு தோல்வி என்றும், அதைவிட அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாகாதா என்றும் பவுல் கேட்கும் பகுதி அது. ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது வயதான தாயார் ஒருவர் என்னிடம் வந்தார்.

“ஐயா, உங்க கேஸு அடுத்த வாய்தா எப்பங்க?”

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அவருக்கும் அதே நீதிமன்றத்தில் ஒரு வழக்கு இருந்தது. இரண்டும் ஒரே நாளில் வந்தால் என்னோடு பேருந்தில் வரலாம் என்று நினைத்திருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வழக்கைத் திரும்பப் பெறலாம் என்ற எண்ணம் அப்போதுதான் தோன்றியது. தோன்றிய உடனே தந்தையின் குரலும் எனக்குள் கேட்டது. அவர் உயிரோடிருந்த நாளில் உறவினர்கள் இதைச் சொன்னபோதெல்லாம் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: “காவிரி கேஸை வாங்குன கதையா ஆயிருமப்பா.”

இளைஞர்களுக்கு இந்தப் பதில் விளங்காமல் போகலாம். எங்கள் பகுதியின் பவானியும் நொய்யலும் அமராவதியும் இறுதியில் காவிரியில்தான் சேருகின்றன. ஆகவே காவிரியின் வழக்கு எங்கள் தந்தையரின் திண்ணைப் பேச்சாகவே இருந்தது. கர்நாடகம் காவிரியின் துணையாறுகளில் அணைகள் கட்டுவதை எதிர்த்து, 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் இடையே எழும் வழக்கை நேரடியாக உச்ச நீதிமன்றமே விசாரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 131ஆவது பிரிவு இடமளிக்கிறது. அடுத்த ஆண்டே, 1972இல், அந்த வழக்கு திரும்பப் பெறப்பட்டது. பேச்சுவார்த்தையின் வழியே தீர்வு காணலாம் என்று அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கூறியதை ஏற்று, முதலமைச்சர் மு. கருணாநிதியின் அரசு அந்த முடிவை எடுத்தது. அது விவேகமா, பிழையா என்று அரசியல் மேடைகளில் இன்றுவரை வாதிடுகிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் நுழையவில்லை. நடந்ததை மட்டும் பாருங்கள். உண்மையறியும் குழு அமைக்கப்பட்டது, கூட்டங்கள் நடந்தன, உடன்பாடு கைகூடவில்லை. 1990ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே நடுவர் மன்றம் அமைந்தது. அதன் இறுதித் தீர்ப்பு 2007இல் வந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய நீரின் அளவை 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தது. திரும்பப் பெற்ற நாளிலிருந்து எண்ணினால் 46 ஆண்டுகள்.

தந்தையின் அச்சம் பொருளற்றதன்று. வழக்கைத் திரும்பப் பெறுவதும் சமாதானமும் ஒன்றல்ல. காகிதத்தை எடுத்துவிடலாம், தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி கிணற்றடியில் அப்படியே நிற்கும். ஆயினும் அவர் கவனியாத ஒன்றும் அதே வரலாற்றில் இருக்கிறது. தீர்ப்புகள் வந்த பின்னரும், மழை பொய்க்கும் ஆண்டுகளில் இரண்டு மாநிலத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பற்றாக்குறையைப் பங்கிட வேண்டியிருக்கிறது. வழக்காடினாலும் வழக்கை விட்டாலும் அந்த மேசைக்குத்தான் வந்து சேர வேண்டும்.

நான் எங்கள் வழக்குரைஞரைச் சந்தித்தேன். அவர் பொறுமையோடு சட்டத்தை விளக்கினார். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 23ஆவது கட்டளை இதைப் பற்றியது. வழக்குத் தொடுத்த பின் எந்த நிலையிலும் வாதி தன் வழக்கையோ அதன் ஒரு பகுதியையோ கைவிடலாம். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. வழக்கில் ஏதேனும் முறைசார்ந்த குறைபாடு இருந்தாலோ, போதிய காரணம் வேறு இருந்தாலோ, அதே பொருளைக் குறித்துப் புதிய வழக்குத் தொடரும் உரிமையோடு திரும்பப் பெற நீதிமன்றம் அனுமதி வழங்கலாம். அந்த அனுமதி இல்லாமல் திரும்பப் பெற்றால் கதவு அடைபடும். அதே பொருளுக்காக அதே பிரதிவாதியின் மேல் மறுபடியும் வழக்குத் தொடர முடியாது. எதிர்த்தரப்பின் செலவுத் தொகையைச் செலுத்தவும் நேரிடலாம்.

“எதுக்கும் அந்த அனுமதியோட வாங்கிரலாங்களா?” என்று கேட்டேன்.

“காரணம் என்னன்னு எழுதட்டுங்க, ஐயா?” என்றார் அவர்.

என்னிடம் பதில் இல்லை. வழக்கில் எந்தக் குறைபாடும் கிடையாது. சமாதானத்துக்காகத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லிக்கொண்டே, நாளை தேவைப்பட்டால் மீண்டும் தொடுப்பதற்கு ஒரு சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள விரும்பினேன் என்பது அந்தக் கேள்வியில் வெளிப்பட்டுவிட்டது. மன்னித்துவிட்டோம் என்று நாம் சொல்வதில் எத்தனை இந்த வகையைச் சேர்ந்தவை! ஒருவர் செய்த தவற்றை விட்டுவிட்டோம் என்போம். ஆனால் அடுத்த சண்டையில் எடுத்து வீசுவதற்காகத் தேதி வாரியாக அதைப் பத்திரப்படுத்தி வைத்திருப்போம்.

வழக்குரைஞர் மற்றொன்றும் சொன்னார். வாதிகள் பலர் இருக்கும்போது, மற்றவர்களின் இசைவு இல்லாமல் ஒருவர் மட்டும் வழக்கைத் திரும்பப் பெற நீதிமன்றம் அனுமதிக்க இயலாது. என் விருப்பம் மட்டும் போதாது. தாயாரும் தங்கையும் இசைய வேண்டும். போதகர் என்ற தகுதியில் நான் பிறர் உரிமையைத் தியாகம் செய்துவிட முடியாதபடி சட்டம் எனக்குக் கடிவாளம் இட்டிருந்தது. அது நல்ல கடிவாளம்.

தங்கை, “அம்மா சொல்றதுதான் எனக்கும்” என்றுவிட்டாள். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“உங்கப்பா பொய்யாக் கேஸ் போட்டாருன்னு ஊரு பேசாதா, கண்ணு?”

அவருக்குக் கிணற்றின் மேல் அவ்வளவு ஆசை இல்லை. கணவரின் சொல் உண்மையானது என்பதற்கு உலகத்தில் மீதமிருந்த ஒரே சான்று அந்த வழக்குக் கட்டுதான். அதை மூடச் சொல்கிறான் மகன். நான் வசனங்களைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். மூன்று நாள் கழித்து என்னை அழைத்தார்.

“நீ கேக்கறே, போடறேன். கையெழுத்துத்தான் போடறேன் சாமி. மனசு இன்னும் போடலை.”

2017ஆம் ஆண்டின் கோடை அது. முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டிருந்தன. எங்கள் வழக்கின் பொருளாகிய கிணற்றில் ஒரு குடம் நீர் இல்லை. இரு குடும்பத்தாரும் தத்தம் நிலத்தில் ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கடன்பட்டிருந்தோம். திறந்த நீதிமன்றத்தில் நீதிபதி எங்கள் மூவரையும் பார்த்து, விருப்பத்தோடுதான் திரும்பப் பெறுகிறீர்களா என்று கேட்டார். ஆம் என்றோம். புதிய வழக்குக்கான அனுமதி கோரவில்லை. எதிர்த்தரப்பும் செலவுத் தொகை கேட்கவில்லை. திரும்பப் பெறப்பட்டதால் வழக்குத் தள்ளுபடி என்று ஒரே வரியில் ஆணை. 21 ஆண்டுகள் அந்த ஒரு வரிக்குள் அடங்கின. வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நான் அவரை நோக்கி நடந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு சென்றுவிட்டார்.

அதன்பின் நான் பல கூட்டங்களில் இதைச் சாட்சியாகச் சொல்லலாம் என்று எண்ணியதுண்டு. ஏதோ ஒன்று தடுத்தது. என்ன தடுத்தது என்பது 2024இல் தெரிந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டு 17 அன்று அத்திக்கடவு-அவினாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலிருந்து பவானியின் உபரிநீரை, ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. அளவுக்கு, குழாய்களில் ஏற்றிக் கொண்டுவந்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். இரண்டு தலைமுறை விவசாயிகள் கேட்டுக்கேட்டு ஓய்ந்த திட்டம். எங்கள் ஊர்க் குட்டைக்கும் நீர் வந்தது. அதைத் தொடர்ந்து மழையும் பெய்தது. ஒருநாள் சபையார் ஒருவர் சொன்னார்: “ஐயா, உங்க பெரியப்பா கிணத்துல தண்ணி ஏறியிருக்குதுங்க.”

நான் மகிழவில்லை. என் நெஞ்சுக்குள் ஏதோ எரிந்தது. “பெரியப்பா கிணறு” என்ற சொல்லும் சுட்டது. பாதி எங்களுடையதல்லவா? ஏழு ஆண்டுகள் பொறுத்திருந்தால்? அந்த அனுமதியையாவது வாங்கி வைத்திருந்தால்? வறண்ட கிணற்றை விட்டுக்கொடுத்தபோது நான் எதையும் விட்டுக்கொடுத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையெழுத்து மட்டும் போட்டது என் தாயார் என்று நினைத்திருந்தேன். நானும் அவ்வளவுதான் செய்திருந்தேன்.

அன்று மாலை தாயாரிடம் செய்தியைச் சொன்னேன். என் மனத்தில் இருந்ததே அவர் வாயிலிருந்தும் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே:

“எத்தனை அடி ஏறியிருக்குதாம்?”

சற்று நேரம் கழித்து, “போகட்டும், அந்தக் காட்டுல மாடு கன்னாச்சும் குடிக்கும்” என்றார். மறுநாள் காலையில் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கித் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு, முள் வெட்டிப் போட்ட அதே தடத்தில் நடந்தார். தடத்தில் இப்போது முள் இல்லை. அண்ணன் கிணற்றடியில் இருந்தார். எங்களைக் கண்டு திகைத்து எழுந்தார்.

“தண்ணியப் பாக்கலாம்னு வந்தோம், கண்ணு” என்றார் தாயார். பிறகு, நான் நினைத்தே பாராத ஒன்றைச் சொன்னார்: “உங்க சித்தப்பா பொய் சொல்லலை. அது உனக்கும் தெரியும். அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் இத்தனை நாளாக் காத்திருந்தேன்.”

அண்ணன் தலைகுனிந்து நின்றார். நெடுநேரம் கழித்து, “தெரியுஞ் சின்னம்மா” என்றார். மூவரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து உண்டோம்.

ஈசாக்கின் வரலாற்றை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். கேராரின் மேய்ப்பர்கள் வாதாடியபோது ஏசேக்கை விட்டான், சித்னாவை விட்டான், வாதில்லாத இடத்தில் ரெகொபோத்தைத் தோண்டினான். விட்டுக்கொடுத்தலுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு என்பதோடு நான் நிறுத்திவிடுவதுண்டு. அதிகாரம் அங்கே முடியவில்லை. அபிமெலேக்கு பெயெர்செபாவுக்கு வந்தபோது, என்னைப் பகைத்துத் துரத்திவிட்ட நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று ஈசாக்கு நேருக்கு நேர் கேட்கிறான். நடந்த அநியாயத்தை அவன் மூடி மறைக்கவில்லை. அதைச் சொல்லிய பிறகே விருந்து வைக்கிறான்; அதன் பிறகே ஆணையிட்டுச் சமாதானத்தோடு பிரிகிறார்கள். உண்மை பேசப்பட்ட பந்தி அது. நான் கையெழுத்துக்கும் பந்திக்கும் இடையில் இருந்த அந்த ஒரு படியைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தேன். எழுதப் படிக்க அதிகம் அறியாத என் தாயார் அந்தப் படியில் ஏழு ஆண்டுகள் நின்று, சரியான நாளில் ஏறினார்.

அன்பானவர்களே, இதைப் படித்துவிட்டு எவரும் எளியவர் ஒருவரிடம் போய், விசுவாசி என்றால் வழக்கைத் திரும்பப் பெறு என்று சொல்லிவிடாதிருங்கள். கணவனிடம் அடிபட்ட பெண்ணுக்கும், நிலத்தைப் பறிகொடுத்த விதவைக்கும், கூலி மறுக்கப்பட்ட உழைப்பாளிக்கும் நீதிமன்றம் தேவன் அனுமதித்த அடைக்கலமாகும். பவுலும் தன் உயிருக்குச் சதி நடந்தபோது இராயனுக்கு அபயமிட்டான் (அப்போஸ்தலர் 25:11). வலியவர் வற்புறுத்தி எளியவர் திரும்பப் பெறும் வழக்கில் சமாதானம் இல்லை. அது இரண்டாவது அநியாயம். நீதிபதி எங்களிடம் கேட்ட அந்தக் கேள்வியை, விருப்பத்தோடுதானா என்ற கேள்வியை, சபையில் சமாதானம் பேசுகிறவர்களும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் உடன்பிறந்தாருக்குள் பொழிக்கும் தடத்துக்கும் கிணற்று முறைக்கும் நடக்கும் வழக்குகள் நம்மிடையே எத்தனையோ உள்ளன. அவற்றுக்குச் சட்டமே வேறு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005ஆம் ஆண்டிலிருந்தே சமரச மையம் செயல்படுகிறது. மாவட்டங்களில் மக்கள் நீதிமன்றங்கள் நடக்கின்றன. அங்கே இரு தரப்பும் இசைந்து ஏற்ற முடிவுக்கு மேல்முறையீடு இல்லை. தரப்பினர் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று, தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழியில் இருக்கும்போதே எதிராளியோடு நல்மனம் பொருந்து என்று ஆண்டவர் கற்பித்ததற்கு, நாட்டின் சட்டமும் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து ஊக்கமளிக்கிறது.

கிணற்றின் பாதி எங்களுக்குத் திரும்பி வந்துவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. அண்ணன் தருவதாகச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்தத் தடத்தில் இப்போது நாங்கள் நடக்கிறோம். என் மகன் தன் பெரியப்பாவின் பிள்ளைகளோடு அந்தக் கிணற்றில் நீந்தக் கற்றுக்கொண்டிருக்கிறான். மேட்டில் உட்கார்ந்து அவன் குதிப்பதைப் பார்க்கும்போது, எங்கள் முறை நாள் எது என்று எண்ணும் பழக்கம் இன்னும் ஒரு கணம் எனக்குள் எழத்தான் செய்கிறது. அந்தக் கணத்தில் நான் மறுபடியும் ஒருமுறை வழக்கைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கை விட்டதை எங்கள் மனமும் விடும்படி கிருபை தாரும். உண்மையைப் பேசவும், பேசிய பின் ஒன்றாக உட்கார்ந்து உண்ணவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.